எடிசன் ஸ்டாண்டர்டு உருளை ஃபோனோகிராஃப்: கோளாறின் வழியே பாகத்தை அறிதல்

1898இல் விற்பனைக்கு வந்து, அவ்வப்போது சிறு மாற்றங்களோடு 1913 வரை தயாரிக்கப்பட்ட எடிசன் ஸ்டாண்டர்டு, பழம்பொருள் சேகரிப்பவர்களின் கைக்கு எளிதில் வந்து சேரும் உருளை ஃபோனோகிராஃப்களில் ஒன்று. இக்கட்டுரை அதனையே அடிப்படையாகக் கொள்கிறது. ஹோம், டிரையம்ப் ஆகிய பெரிய மாடல்களின் அமைப்பும் ஏறத்தாழ இதுவேயாகையால், இங்கே கூறப்படுவனவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். நூறாண்டுக்கு மேல் பலர் கைகளில் இருந்த இயந்திரத்தில் எல்லாப் பாகங்களும் அதற்கே உரியனவாக இருப்பது அரிது. யாரோ ஒருவர் வேறொரு மாடலின் ரிப்ரடியூசரை, அதாவது உருளையின் தடத்தை ஊசியால் வருடி ஒலியாக்கும் பாகத்தை, பொருத்தியிருப்பார், மற்றொருவர் பெல்ட்டுக்குப் பதிலாக ரப்பர் வளையத்தை மாட்டியிருப்பார். ஆகவே கோளாறு தென்படும்போது, ‘இந்தப் பாகம் கெட்டுவிட்டதா’ என்று கேட்பதற்கு முன், ‘இது எந்தப் பாகம், இங்கே இருக்க வேண்டியதுதானா’ என்று கேட்பதே சரியான வரிசை.

தொடங்குமுன்

முதலில் ரிப்ரடியூசரைக் கழற்றி, துணியில் சுற்றித் தனியே வையுங்கள். மோட்டாரைச் சோதிக்கும்போது அது தவறி விழுந்து மேண்ட்ரிலில் மோதினால், அதிலுள்ள நீலக்கல் ஊசி உடைந்துவிடும். அதற்குப் பின் மற்ற பழுதுகளைச் சரிசெய்தும் பயனில்லை.

இயந்திரத்தை உங்கள் முன் வைத்து மேல்தட்டைப் பாருங்கள். வலப்பக்கம் நிக்கல் பூசப்பட்டு, வலக்கோடியை நோக்கிச் சற்றே குறுகிச் செல்லும் கூம்பு வடிவ உருண்டையே மேண்ட்ரில். ஒலியுருளை இதன்மேல்தான் ஏறுகிறது. அதே அச்சின் இடப்பாதியில் மிக நுண்ணிய புரிகளோடு இருப்பது ஊட்டுத்திருகு. ஓர் அங்குலத்துக்கு 100 புரிகள் கொண்ட இத்திருகுதான், உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது ரிப்ரடியூசரை ஓர் ஒலித்தடத்தின் அகலத்துக்குச் சரியாக நகர்த்துகிறது. பின்புறம் நீண்டு கிடக்கும் வழவழப்பான கம்பியின்மேல், ரிப்ரடியூசரைச் சுமக்கும் கை வழுக்கிச் செல்கிறது. அந்தக் கையின் இடப்புறம், தட்டையான ஸ்பிரிங் ஒன்றின் நுனியில், ஊட்டுத்திருகின்மேல் படிந்திருக்கும் சிறு துண்டு அரைநட்டு. அளவில் இவ்வளவு சிறியதாக இருந்தும் இவ்வளவு தொல்லை தரும் பாகம் இந்த இயந்திரத்தில் வேறில்லை. மோட்டார், மெயின் ஸ்பிரிங் அடைத்த பீப்பாய், பற்சக்கரங்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஆகியவை மேல்தட்டுக்கு அடியில் தொங்குகின்றன. தட்டைக் கீலில் தூக்கிப் பார்க்கலாம்.

சாவி கொடுத்தும் இயந்திரம் ஓடவில்லை

நிறுத்துவிசையை முதலில் பாருங்கள். அதன் முனை கவர்னரை அழுத்திப் பிடிப்பதன் மூலமே இயந்திரத்தை நிறுத்துகிறது. விசையைத் தள்ளிய பின்னும் முனை விலகாமல் ஒட்டியிருந்தால், பழைய எண்ணெய் அரக்காக இறுகியிருக்கிறது என்று பொருள். முனையைத் துடைத்து, கவர்னர் அச்சைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது தயங்கித் தயங்கி ஓடத் தொடங்கினால் மோட்டாரில் பழுது ஏதுமில்லை. சுத்தம் செய்து புது எண்ணெய் இடவேண்டும், அவ்வளவே. பழைய பிசினைத் துடைக்க மண்ணெண்ணெய் போதும். பின்னர் தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு தாங்கியிலும் ஒரு துளி மட்டும் இடுங்கள். மரப்பெட்டியின்மீதும் மேல்தட்டின் பொன்னிறக் கோடுகளின்மீதும் மண்ணெண்ணெய் பட விடாதீர்கள். அந்தக் கோடுகள் அழிந்தால் பிறகு போடுபவை வெறும் நகலே.

கைப்பிடியைச் சுற்றும்போது இறுக்கமே ஏறாமல் அது வெறுமனே சுழன்றுகொண்டே இருந்தால், மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், அல்லது அதன் உள்முனையிலுள்ள துளை அச்சின் கொக்கியிலிருந்து விடுபட்டிருக்கலாம். சிறிது இறுக்கம் ஏறியபின் கைப்பிடியை விட்டதும் அது பின்னோக்கிச் சுழன்றால், கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. பின்சுழற்சியைத் தடுக்கும் பல்லும் அதன் சிறு ஸ்பிரிங்கும்தான் காரணம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு.

ஒரு கடுமையான எச்சரிக்கை இங்கே தேவை. சாவி ஏறியிருக்கும் மோட்டாரில் கவர்னரை ஒருபோதும் கழற்றக் கூடாது. கவர்னர்தான் பற்சக்கரத் தொடரின் கடைசிக் கடிவாளம். அதை எடுத்த கணமே மொத்த ஸ்பிரிங்கும் கட்டற்று அவிழ்ந்து, பற்களை உடைத்துவிடும், விரலையும் விட்டுவைக்காது. இயந்திரம் தானாக ஓடி முழுவதும் அவிழ்ந்த பின்னரே எதையும் பிரிக்க வேண்டும். சாவி ஏறிய நிலையில் மோட்டார் இறுகி நின்றுவிட்டால், இவ்வகை மோட்டார்களில் பழகிய ஒருவரிடம் அதை ஒப்படைப்பதே நல்லது. ஸ்பிரிங் பீப்பாயைத் திறப்பதும் அவ்வாறே.

மோட்டார் ஓடுகிறது, உருளை சுற்றவில்லை

அடியிலுள்ள மோட்டாரையும் மேலுள்ள மேண்ட்ரில் அச்சையும் இணைப்பது ஒரு தட்டையான தோல் பெல்ட். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேண்ட்ரிலைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். அது தடையின்றிச் சில நொடிகள் சுழன்று ஓய்ந்தால், குறை பெல்ட்டில்தான். சுண்டியவுடன் நின்றுவிட்டால், அச்சின் முனைத்தாங்கிகளில் எண்ணெய் வறண்டிருக்கிறது அல்லது அவற்றின் திருகு மிகை இறுக்கமாக உள்ளது. அந்தத் திருகைச் சிறிது தளர்த்துங்கள். ஆனால் அச்சை இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் தெரியும் அளவுக்குத் தளர்த்தினால், அது பின்னர் ஒலியில் வெளிப்படும்.

தொடக்ககால ஸ்டாண்டர்டுகளில் மேண்ட்ரிலின் வலக்கோடியைத் தாங்க, கதவுபோல் திறந்து மூடும் ஒரு சிறு கை உண்டு. உருளையை ஏற்றத் திறந்தபின் அதை மூடியே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பிற்கால மாடல்களில் இந்தக் கதவு இல்லை; ஆகவே அது இல்லாத இயந்திரத்தைப் பார்த்து, ஏதோ தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

பெல்ட்டைப் பற்றி இரண்டொரு சொல். இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒட்டிய தோல் பெல்ட்டே இதற்கு ஏற்றது. கம்பியால் தைத்த மூட்டு, கப்பியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி, இயந்திரத்தின் ஒலியைப் பெருக்கும் குழல் வழியாகவும் வெளிவரும். தோலுக்கு எண்ணெய் இட்டால் அது வழுக்கும். வழுக்குகிறதே என்று பெல்ட்டை இறுக்கினால், மோட்டாரின் விசையெல்லாம் தாங்கிகளை அழுத்துவதிலேயே கழிந்து, உருளை பாதியில் நின்றுபோகும்.

சுருதி ஏறி இறங்குகிறது

உருளையில் பதிந்த குரல் நடுங்கினால் அந்த நடுக்கத்தின் கால அளவைக் காதால் கணியுங்கள். பாகத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒரே சீராக நடுங்கினால், அது உருளையின் சுழற்சியோடு ஒத்துப் போகிறது: உருளை மேண்ட்ரிலில் சரியாக அமரவில்லை, அல்லது நீள்வட்டமாகக் கோணியுள்ளது, அல்லது மேண்ட்ரில் அச்சே வளைந்துள்ளது. உருளையைக் கழற்றி வேறொன்றை ஏற்றினால் இவற்றில் முதலிரண்டும் தெளிவாகிவிடும். அதைவிட நிதானமாக, பெல்ட் ஒரு முழுச் சுற்று வர எடுக்கும் நேரத்துக்கு ஒரு முறை மட்டும் தடுமாறினால் பெல்ட்டின் மூட்டைச் சந்தேகியுங்கள்.

எந்த ஒழுங்கும் இன்றிச் சுருதி வீங்கி வடிந்தால் கவர்னரிடம் வாருங்கள். வேகமாகச் சுழலும் ஓர் அச்சைச் சுற்றி, மெல்லிய தட்டை ஸ்பிரிங்குகளில் மூன்று சிறு ஈயக்குண்டுகள் தொங்கும் அமைப்பே கவர்னர். வேகம் மிகும்போது குண்டுகள் வெளியே விரிந்து, அச்சிலுள்ள வட்டத்தகட்டை இழுக்கின்றன. தகடு ஒரு தோல் திண்டின்மேல் உரசி வேகத்தைக் குறைக்கிறது. மூன்று ஸ்பிரிங்குகளில் ஒன்று விரிசல் கண்டிருந்தாலும், ஒரு குண்டின் திருகு தளர்ந்திருந்தாலும் சமநிலை கெடும். தோல் திண்டு காய்ந்திருந்தால் தகடு வழுக்காமல் கடித்துக் கடித்து ஓடும். அதற்கு ஒரு துளி எண்ணெய் போதும். என் கணிப்பில், புதிதாக ஒருவர் கைக்கு வரும் இயந்திரங்களில் சுருதிக் கோளாற்றுக்கு இந்தக் காய்ந்த தோலே பெரும்பாலும் காரணம். ஆனால் பலரும் இதை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மாற்றப் போகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பீப்பாய்க்குள்ளிருந்து ‘தொம்’ என்ற ஓசை எழுந்து, அதே கணத்தில் வேகம் குதித்தால் கதை வேறு. மெயின் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையில் இடப்பட்ட கிராஃபைட் கலந்த கிரீஸ் காய்ந்துபோய், சுருள்கள் ஒட்டிக்கொண்டு, பின் திடீரென விடுபடுவதன் ஓசை அது. பீப்பாயைத் திறந்து, கழுவி, புது கிரீஸ் இடுவது தவிர இதற்கு வேறு வழி இல்லை.

வேகத்தை அளப்பதற்குக் கருவி வேண்டாம். மேண்ட்ரிலின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, 15 நொடிகளில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 1902 முதல் வந்த வார்ப்பு உருளைகளுக்கு நிமிடத்துக்கு 160 சுற்றுகள் வேண்டுமாகையால், எண்ணிக்கை 40 ஆக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பழுப்பு மெழுகு உருளைகள் இதனினும் குறைந்த வேகங்களில் பதிவானவை. அவற்றுக்குக் குரலின் இயல்பைக் கேட்டே வேகத்தை அமைக்க வேண்டும்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது பாட்டு தாவுகிறது

வட்டத்தட்டு கிராமஃபோனில் ஊசியை நகர்த்துவது தடமே. எடிசனின் இயந்திரத்தில் அப்படி இல்லை. ஊட்டுத்திருகும் அரைநட்டும் ரிப்ரடியூசரைத் தள்ளிச் செல்ல, ஊசி தன் தடத்தில் சிறிதளவே அசையும் உரிமையோடு உடன் செல்கிறது. எனவே நகர்வில் பிழை நேர்ந்தால் அது உடனே காதில் விழும்.

ரிப்ரடியூசரைச் சுமக்கும் கை அறவே நகரவில்லையென்றால் அரைநட்டு திருகில் பிடிக்கவில்லை. அதன் புரிகளில் அழுக்கு அடைந்திருக்கிறதா, அல்லது புரிகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். அழுக்கானால் மென்மையான பல் துலக்கியும் மண்ணெண்ணெயும் போதும், ஊசியால் கிண்டாதீர்கள். நட்டைத் தாங்கும் தட்டை ஸ்பிரிங் சோர்ந்துபோய் அழுத்தம் குறைந்திருந்தால், கை சில இடங்களில் நகர்ந்து சில இடங்களில் நின்றுவிடும். நட்டு திருகுக்கு இணையாகப் படியாமல் ஒரு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதும் இதே விளைவைத் தரும். அழுத்தத்தை மிகையாக்குவது தீர்வல்ல. ஊட்டுத்திருகின் நுண்ணிய புரிகள் தேய்ந்தால் அதை மாற்றுவது நட்டை மாற்றுவதைவிட மிகக் கடினம்.

எல்லாம் சரியாக இருந்தும் தாவல் நிற்கவில்லையென்றால் கையிலுள்ள உருளையைச் சோதியுங்கள். 1908 வரை வந்த எடிசன் உருளைகள் இரண்டு நிமிட உருளைகள். அவற்றில் அங்குலத்துக்கு 100 தடங்கள் உண்டு. 1908இல் வந்த ஆம்பரால் என்னும் மெழுகு உருளையும், 1912இல் வந்த செல்லுலாய்டு பூச்சுள்ள புளூ ஆம்பராலும் நான்கு நிமிட உருளைகள். அவற்றில் அங்குலத்துக்கு 200 தடங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு நிமிட உருளையின் தடங்கள் கண்ணுக்கே தெரியும்; நான்கு நிமிட உருளையோ மெல்லிய மினுமினுப்பாக மட்டுமே தோன்றும். இரண்டு நிமிட அமைப்பில் நான்கு நிமிட உருளையை ஓட்டினால் கை இருமடங்கு வேகமாக முன்னேறி, ஊசி தடங்களைத் தாண்டிக் கீறிச் செல்லும். நான்கு நிமிட அமைப்பில் இரண்டு நிமிட உருளையை ஓட்டினால் கை பின்தங்கி, ஊசியை இழுத்துப் பிடித்து, ஒரே வரியைத் திரும்பப் பாடவைக்கும். தாவல் முன்னோக்கியா, திரும்பப் பாடுதலா என்பதைக் கேட்டாலே எது தவறு என்று சொல்லிவிடலாம்.

1908க்குப் பிந்திய பெரும்பாலான ஸ்டாண்டர்டுகளிலும், பின்னாளில் மாற்றுப் பாகம் பொருத்தப்பட்ட பழைய இயந்திரங்களிலும், இவ்விரு அமைப்புகளுக்கிடையே மாற்றிக்கொள்ள ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி உண்டு. நான்கு நிமிட நிலையில் அது ஊட்டுத்திருகின் வேகத்தை மேண்ட்ரிலின் வேகத்தில் பாதியாகக் குறைக்கிறது. அத்தொகுதி இல்லாத இரண்டு நிமிட இயந்திரத்தில் நான்கு நிமிட உருளையை ஓட்ட வழியே இல்லை.

ஒலி மங்கலாக, கரகரப்பாக, அல்லது அதிர்வோடு வருகிறது

இப்போதுதான் ரிப்ரடியூசரை எடுக்க வேண்டும். அதன் உடலில் பொறித்துள்ள எழுத்தைப் படியுங்கள். ‘சி’ என்றால் இரண்டு நிமிட உருளைக்குரியது. ‘எச்’ என்றால் நான்கு நிமிட உருளைக்குரியது. ‘கே’ என்றால் திருப்பி மாற்றக்கூடிய இரு ஊசிகள் கொண்டு இரண்டுக்கும் உதவுவது. ‘சி’ ரிப்ரடியூசரின் நீலக்கல் ஊசி, கதவுக் குமிழைப் போன்ற வடிவம் உடையது. ‘எச்’ ஊசி நான்கு நிமிட உருளையின் குறுகிய தடத்துக்கு ஏற்றவாறு அதைவிடச் சிறியது. தவறான ஊசி ஓடாமல் நின்றுவிடாது. மங்கலாகவேனும் பாடும், உருளையைச் சிறிது சிறிதாகக் கெடுத்துக்கொண்டும் இருக்கும்.

ரிப்ரடியூசரின் அடிப்பக்கம் பின்புறக் கீலில் தொங்குவது மிதக்கும் எடை. ‘சி’ மாடலில் இது மீன்வால்போல் விரிந்திருக்கும். எடையின் வால்முனை ஒரு சிறு கம்பி வளையத்துக்குள் நிற்கும். எடை எவ்வளவு தாழலாம் என்பதற்கு அந்த வளையமே எல்லை. உருளையின்மேல் ஊசி இறங்கி ஓடும்போது, வால்முனை அந்த வளையத்தின் மேலோ கீழோ முட்டாமல் நடுவில் மிதக்க வேண்டும். கீழே முட்டினால் ஊசியின்மேல் எடை முழுதும் விழாமல் ஒலி மெலியும். மேலே முட்டினால் கையின் பாரம் முழுவதும் ஊசியின்மேல் ஏறும். கையின் முன்விளிம்பிலுள்ள திருகால் உயரத்தைச் சரிசெய்யலாம்.

ஊசித்தண்டிலிருந்து மேலே செல்லும் மெல்லிய கம்பி இணைப்பு, அதிர்வை டயஃப்ரத்துக்கு, அதாவது அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய தகட்டுக்கு, கொண்டு சேர்க்கிறது. எடிசனின் உருளைகளில் தடம் பக்கவாட்டில் நெளிவதில்லை. ஆழமாகவும் மேலாகவும் ஏறி இறங்குகிறது. ஆகவே இந்த இணைப்பில் மயிரிழை தளர்வு இருந்தாலும் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கலகலவென்ற ஓசை கேட்கும். டயஃப்ரம் பழையவற்றில் மைக்காவாகவும் பின்னர் மெல்லிய செம்புத்தகடாகவும் இருக்கும். விரலால் அழுத்திச் சோதிக்காதீர்கள். மைக்காவில் அடுக்குகள் பிரிந்து வெண்மை படர்ந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

எனினும், மங்கல் ஒலிக்கு நான் முதலில் சந்தேகிப்பது டயஃப்ரத்தைப் பற்றியுள்ள ரப்பர் வளையங்களையே. நூறாண்டு ரப்பர் கல்லாகிவிடும். கல்லான வளையம் டயஃப்ரத்தின் விளிம்பை அசையவிடாமல் இறுக்கி, தாழ்ந்த சுருதிகளை விழுங்கி, உச்சத்தில் கீச்சென்று ஒலிக்கச் செய்யும். புதிய வளையங்களை இட்டு, மூடியை விரல் இறுக்கம் அளவே முறுக்குங்கள். ரிப்ரடியூசரையும் குழலையும் இணைக்கும் ரப்பர்க் குழாயும் இவ்வாறே இறுகி வெடித்திருக்கும்; அதில் கசிவிருந்தால் மேலே எவ்வளவு சீர்செய்தும் பலன் பாதிதான். குழலே அதிர்ந்தால், அதன் உலோக மடிப்பிலோ அதைத் தொங்கவிடும் சங்கிலியிலோ ஒரு விரலை வைத்தால் இடம் தெரிந்துவிடும்.

ஓடியபின் உருளையில் தூள் படிகிறது

இது ஒன்று மட்டும், பார்த்த கணமே இயந்திரத்தை நிறுத்த வேண்டிய கோளாறு. நல்ல ஊசி மெழுகைச் சீவுவதில்லை. தூள் வருகிறதென்றால் நீலக்கல் பிளந்து கூர்முனை வெளிப்பட்டிருக்கிறது. அல்லது நீங்கள் பொருத்தியிருப்பது ரிப்ரடியூசரே அல்ல, ரெக்கார்டர். பதிவு செய்யும் கருவியான ரெக்கார்டர், ரிப்ரடியூசர் அமரும் அதே வட்டக் கண்ணில் பொருந்தும், வெளித்தோற்றத்திலும் ஒத்திருக்கும். ஆனால் அதன் அடியில் மீன்வால் எடை இராது, அதன் ஊசியின் விளிம்பு மெழுகை வெட்டுவதற்கென்றே கூராக்கப்பட்டிருக்கும். வீட்டிலேயே பதிவு செய்ய முடிந்தது உருளை இயந்திரத்தின் பெரும் சிறப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தில் மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்ததும் இந்த வசதியால்தான். அதே கருவி பதிவான உருளையின்மேல் இறங்கினால், ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் சீவி எறிந்துவிடும்.

வைர ஊசிகொண்ட ரிப்ரடியூசர்கள் செல்லுலாய்டு உருளைகளுக்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் எடையும் மிகுதி. எடிசனின் பிற்கால உருளை இயந்திரங்களான ஆம்பரோலாக்களில் வரும் ‘டயமண்ட் சி’ போன்றவற்றின்கீழ் எந்த மெழுகு உருளையையும் வைக்கக் கூடாது.

உருளை மேண்ட்ரிலில் ஏறவில்லை

திசையை முதலில் சரிபாருங்கள். உருளையின் உட்புறமும் கூம்பு வடிவமே. தலைப்பு பொறித்த விளிம்பு வலப்பக்கம், அதாவது உங்கள் கையின் பக்கம் இருக்க வேண்டும். திசை சரியாக இருந்தும் பாதியில் நின்றுவிட்டால் அழுத்தாதீர்கள். புளூ ஆம்பரால் உருளையின் உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உண்டு. ஈரத்தில் அது உப்பிக்கொள்ளும். நன்கு உலர்ந்த பின், உருட்டிய உப்புத்தாளால் உட்புறத்தைச் சமமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிப் பார்க்கலாம். ஒருபுறம் மட்டும் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் உருளை மையம் விலகி, மேலே கூறிய சுருதி நடுக்கம் வந்து சேரும். மெழுகு உருளையின் உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த மெழுகு உருளை கையின் சூட்டிலேயே விரிசல் காணும் என்பதால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு விரித்தே அதைத் தூக்க வேண்டும். ஒலித்தடம் உள்ள பரப்பைத் தொடக் கூடாது.

மெழுகின்மேல் வெண்புள்ளிகளாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. அது மேலே படிந்த அழுக்கல்ல, தடத்தையே தின்றிருக்கிறது. மென்தூரிகையால் தளர்ந்த தூளை மட்டும் அகற்றலாம், இழந்த ஒலி திரும்பாது. ஓட்டி முடித்ததும் உருளையை மேண்ட்ரிலிலேயே விட்டுவிடாமல் உடனே கழற்றி, அதன் அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். இரவில் அறை குளிரும்போது மெழுகு உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்கி, இறுகி, காலையில் பிளந்து கிடக்கும்.